அறிக்கையில் மூன்றாவது திருத்தம்

விழுப்புரம்,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் கலையரசிக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். எதையாவது விட்டுவிடுவேனோ என்று முதலிலேயே வரிசை போட்டுவிடுகிறேன்.

1. எவ்ரிபடி
2. எனிபடி
3. சம்படி
4. திண்டிவனம் போய் வந்தது

உன் வார்டில் அந்தக் கிழவர் கட்டிலிலிருந்து விழுந்ததைப் பற்றி ஆஸ்பத்திரியில் நீ எழுதிக் கொடுக்க வேண்டிய அறிக்கையை நான்கு முறை படித்தேன், நடுவில் இரண்டு முறை எழுந்து கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தியவன்தான், ஆனாலும் இலக்கணப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முதலாவது, எவ்ரிபடி என்றால் நமக்கு எல்லாரும், இங்கிலீஷில் அது ஒற்றை ஆள் கணக்கு, ஆகவே ஹேவ் இல்லை, ஹாஸ். இரண்டாவது, அப்புறம் யாரையும் பார்க்கவில்லை என்பதற்கு டிடின்ட் ஸீ நோபடி என்று இரண்டு இல்லை போட்டிருக்கிறாய், எனிபடி என்று மாற்று. மூன்றாவதுதான் முக்கியம். கட்டில் தடுப்பை இறக்கிவிட்டுப் போனது சீனியர் நர்ஸ் என்று பெயரோடு எழுதியிருக்கிறாய், அந்த இடத்தில் சம்படி என்று போட்டால் போதும், இலக்கணப்படி பிழை இல்லை. உன் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அப்ப பழி அன்னிக்கு அங்க டூட்டியில இருந்த ஆயாப் பொண்ணு மேலதானே வுழும், நீங்க பயந்துகினு கெடக்குறது பத்தாதா, நம்ம பொண்ணையும் ஏன் பயமுறுத்துறீங்க என்று கேட்டுவிட்டு சட்னிக்கு மல்லாட்டை உரிக்கப் போய்விட்டாள்.

நான்காவது. ஞாயிற்றுக்கிழமை பிரான்சிஸ் வீட்டுக் கல்யாணத்துக்குத் திண்டிவனம் போனேன். பஸ் ஸ்டாண்டில் எங்கள் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்த பச்சைமுத்து ஓடிவந்து என் பையை வாங்கிக்கொண்டார். சார் நல்லா கீறீங்களா, பாப்பா வெளிநாட்டுல கீதாமே என்று கேட்டு டீயும் வாங்கிக் கொடுத்தார். உனக்கு நான் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் திருடு போனபோது, அது இருந்த பீரோவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனது தலைமையாசிரியர், நான் கண்ணால் பார்த்தேன். விசாரணையில் சம்படி என்று எழுதிக் கொடுத்தேன். இலக்கணப்படி பிழை இல்லை. வேலை போனது பச்சைமுத்துவுக்கு. அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், எழுதினால் மறுபடி மழுப்பிவிடுவேன். அம்மா இப்படியே போட்டோ எடுத்து அனுப்புவாள். மாதா உன் கூடவே இருக்கட்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, அறிக்கை கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள், ஹாஸ் மறக்காதே. மூன்றாவதை நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். நீ எழுதின பெயர் அப்படியே இருக்கட்டும்.

உன் அப்பா,
அ. சவுரிராயன்