பாதையில் நிற்கும் இருவர்

தலவாக்கலை
9.11.1955

அன்புள்ள அன்னபாக்கியத்துக்கு உன் கணவன் வேதமுத்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் இங்கே சுகம். நாசரேத்தில் நீயும் அம்மாவும் அண்ணனும் அதே கிருபையில் இருக்கும்படி காலையும் மாலையும் ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அந்த மலையில் எனக்கு இனி ஒன்றுமில்லை, நீங்களும் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஜனவரியோடு நீ இங்கே திரும்பி வருவதற்கான அனுமதி முடிகிறது. அதற்குள் திரும்பாவிட்டால் பிறகு இந்த நாட்டுக்குள் உன்னை விடமாட்டார்கள். அது தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். பதில் எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன். முதலில் இங்குள்ள சேதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

மழை விட்டபாடில்லை. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடந்தே போய் வருகிறேன். காலில் எவ்வளவு சவர்க்காரம் பூசினாலும் அட்டைகள் இவன் சபை உபதேசியார் என்று பார்ப்பதில்லை. சமையல் என் கையால்தான். நேற்று வைத்த பருப்பை அடுத்த வீட்டு நாய் மோந்து பார்த்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டது. போதகர் ஐயர் வந்திருந்தார். இந்த வருடம் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டார். மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் வேதக் கதையில் வரும் நகோமியை நினைத்துக் கவலைப்படுகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதை அவர் எந்தக் கணக்கில் எழுதுவார், பாவம்.

அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ராசம்மா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து நீ ரூத்தின் கதையைச் சொல்லி வந்தாயே. அங்கே எழுத்துத் தெரிந்தவர்கள் யாருமில்லை. காதில் விழுந்ததுதான் அவர்களுக்கு வேதம். பஞ்சம் பிழைக்க வேறு தேசம் போன நகோமி, புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டாள் என்று நீ சொன்ன அன்று, இது நம்ம ஆளுக கதைதான என்று அழகம்மா மூக்கைச் சிந்தினாள். கடைசியாக நீ சொன்னது, நகோமி ஊர் திரும்பப் புறப்பட்டதும், ஒரு மருமகள் பாதியில் முத்தமிட்டுப் போய்விட்டதும், ரூத் மட்டும் மாமியாரை விடாமல் பற்றிக்கொண்டதும். அந்த இடத்தில்தான், நம் எஸ்தருக்குக் காய்ச்சல் ஏறிவிட்டதென்று நான் ஆள் அனுப்பினேன். சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டு எழுந்து ஓடி வந்தாய். அடுத்த சனிக்கிழமை நம் பிள்ளை நம்மிடம் இல்லை.

போன வாரம் அந்தக் கதையை நானே முடித்துவிடலாம் என்று போனேன். சாயத் தண்ணி கொடுத்து உட்கார வைத்தார்கள். இருவரும் பெத்லகேமுக்கு நடந்தார்கள் என்று ஆரம்பித்தேன். அங்கே யாராவது உம் கொட்டாவிட்டால் கதை ஓரடி நகராது என்பது உனக்குத் தெரியும். ராசம்மாதான் எப்போதும் உம் கொட்டுவாள். அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. சரி, காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று என் பிரசங்கக் குரலை எடுத்தேன். எல்லோரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ராசம்மா, "கோவிச்சுக்காதீங்கய்யா, ஆரம்பிச்ச வாய்தாங்க முடிக்கணும். அம்மா வந்து சொல்லட்டும், நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். இது புத்தகத்தில் அச்சடித்த கதை, யார் சொன்னாலும் ஒன்றுதான் என்று நான் வாதாடினேன். உன் புருஷன் வாதத்துக்குக் குறைந்தவனா. அதற்கு அழகம்மா, "அதெல்லாம் சரிங்கய்யா, ஆனா அந்த ரெண்டு பொம்பளைங்களும் அம்மா விட்ட எடத்துலதான நிக்கிறாங்க, இந்தப் பனியில கம்பளியாச்சும் வச்சிருக்காங்களோ என்னமோ" என்றாள். கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே அவளுக்கு அந்தக் கவலை.

கோபமாகத்தான் இறங்கினேன். பாதி வழியில் சிரிப்பு வந்தது. அப்புறம் நடக்க முடியவில்லை. மழையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அழுதேன், பாக்கியம். எஸ்தரை அடக்கம் பண்ணிய அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

கடிதத்தின் கடைசியில், மழை அவளை நனைக்குமே என்று ஒரு வரி எழுதி அடித்திருந்தாய். அடித்தாலும் என்னால் படிக்க முடிந்தது. ராசம்மா மழைக்கு இடுப்பில் கட்டும் தன் படங்குச் சாக்கை நம் எஸ்தரின் மண்மேட்டின்மேல் விரித்து, ஓரங்களில் கல் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் யாரோ ஒரு சின்ன விளக்கும் ஏற்றுகிறார்கள். உபதேசியார் அதைத் தடுக்க வேண்டும். எஸ்தரின் அப்பா தடுக்கவில்லை. இதை அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

நீ உறுதியாகச் சொன்னால் நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். மனதாரச் சொல்கிறேன். உன்னைவிட எனக்கு எந்த ஊரும் பெரிதில்லை. ஆனால் இந்த மலையில் உனக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதாதே. இங்கே உன் பிள்ளை இருக்கிறாள். உன் வாயைப் பார்த்துக்கொண்டு ஒரு லயமே இருக்கிறது.

கதையின் முடிவு அவர்களுக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் தெரியும். ரூத்துக்கு ஒரு குழந்தை பிறக்கும். நகோமி அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அந்த இடத்தை உன் வாயால் சொல்வது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் ராசம்மாவிடம், அம்மா வருவாள் என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கேட்கிறேன். கப்பல் ஏறும் தேதியை மட்டும் எழுது, தலைமன்னார் துறையில் வந்து நிற்பேன். உடனே கதை சொல்ல வேண்டாம். எப்போது முடிகிறதோ அப்போது சொல். அந்தக் குழந்தை வருகிற இடத்தில் உன் குரல் நின்றுபோனால் நிற்கட்டும், யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். அன்றைக்கு ராசம்மா உம் கொட்ட வேண்டாம். உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் கொட்டுகிறேன்.

வழியில் நிற்பவர்களை வீடு கொண்டு சேர்க்கிற தேவன் உன்னைக் காப்பாராக.

உன்
வேதமுத்து