அவள் தூங்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வழக்கமாக முதல் பத்தியில் உன் உடம்பு, வேலை, சாப்பாடு எல்லாம் விசாரிப்பேன். இந்த முறை அதற்குப் பொறுமை இல்லை. போன் செய்தால் "அக்கா, ஒரு கூட்டத்துல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது உன் மேஜையிலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சலவை நிலையத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். இஸ்திரி மேஜையின் ஓரத்தில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நீராவியில் விரல்கள் வீங்கியிருக்கின்றன.

உன் கவிதை ஒன்பதாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் வந்திருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ கட்டெறும்பு என்று பட்டப்பெயர் வைத்தாயே, அவள்தான். போன வருடம் தேர்வு எழுதி, குன்றின் மேல் இருக்கும் பெரிய பள்ளியில் இலவச இடம் வாங்கினாள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடை எங்கள் கடைக்குத்தான் வருகிறது. பகல் முழுவதும் ஊரார் பெண்களின் சட்டைக் காலரைத் தேய்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் பெண்ணின் காலரைத் தேய்க்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பெருமைதான்.

புத்தகத்தில் உன் பெயரைப் பார்த்ததும் அவள் குதித்த குதி பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. நானும் புத்தகத்தைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் எல்லோரிடமும் காட்டினேன். "எங்க தம்பி எழுதினது" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது. முதலாளி கூடக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். அப்புறம்தான் நான் நிதானமாகப் படித்தேன்.

தகரக் கூரைப் பள்ளி என்று தலைப்பு வைத்திருக்கிறாய். எங்கள் தெருக்கோடிப் பள்ளி. பிள்ளைகள் சாம்பலில் முளைத்த காளான்களாம். அவர்கள் கண்கள் எண்ணெய் தீர்ந்த விளக்குகளாம். கடைசி பெஞ்சில் ஒரு பெண், தலை கவிழ்ந்த பூவாம், பசியின் மடியில் உறங்குகிறாளாம்.

தம்பி, அவள் தூங்கவில்லை.

நீ எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது, அப்போது கட்டெறும்பு படித்துக்கொண்டிருந்த அந்தப் பள்ளியைப் பார்க்க இரண்டு நாள் போனாய். இரண்டாம் நாள் நல்ல மழை. கடைசி பெஞ்சுக்கு நேர் மேலே தகரம் பிய்ந்து கிடந்தது. ஒரு பெஞ்சுக்கு ஒரே ஒரு புத்தகம்தான் கொடுத்திருந்தார்கள். அது நனைந்துவிடக் கூடாது என்று அவள் அதன் மேல் நெஞ்சை அழுத்திக் கவிழ்ந்து படுத்திருந்தாள். முதுகு முழுக்கத் தண்ணீர். நீ வாசலில் குடையோடு நின்று பார்த்திருக்கிறாய். அன்று சாயங்காலம் அவளுடைய ஈரச் சட்டையை அடுப்புக்குப் பக்கத்தில் நான் காயப்போட்டபோது நீ எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய். ஏன் நனைந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பசியாம்! அன்று காலையில் அவள் தன் தட்டைக் காலி செய்துவிட்டு உன் தட்டிலும் கை வைத்தாள். நீ சிரித்தாய். அதையும் மறந்துவிட்டாயா?

இப்போது நடப்பதைக் கேள். வகுப்பில் ஆசிரியை, தலை கவிழ்ந்த பூ என்ற உவமை எதைக் காட்டுகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் வறுமை, வாட்டம், ஆற்றாமை என்று நோட்ஸில் இருப்பதை ஒப்பித்திருக்கிறார்கள். ஆசிரியை திரும்பி, "நீ அந்தப் பக்கத்துலேர்ந்துதானே வர்றே, நீ சொல்லு, உனக்குத்தான் நல்லாப் புரியும்" என்றிருக்கிறார். அறுபது கண்கள் இவளைப் பார்த்திருக்கின்றன. இடைவேளையில் ஒரு பெண் தன் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து இவள் மேஜையில் வைத்து, "நீ சாப்பிடு, எனக்குப் பசிக்கல" என்றாளாம். நல்ல மனதோடுதான் செய்திருக்கிறாள், பாவம். ஆனால் அன்று என் பெண் கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. இவள் எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: "அது பூ இல்லை. அது நான். கூரை ஒழுகியதால் புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தேன். கவிஞர் என் மாமா. அவர் பார்த்தார், ஆனால் கேட்கவில்லை." பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய பூஜ்யம். அதற்குக் கீழே, பொய்யும் திமிரும் என்று ஒரு குறிப்பு.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். அரை நாள் விடுப்பு எடுத்துப் போனேன். காத்திருக்கும் இடத்தில் நாற்காலி மெத்தென்று இருந்தது, ஆனால் உட்காரச் சொல்ல யாரும் இல்லை. உள்ளே போனதும் ஒரு தாளை நீட்டினார். மகள் பொய் எழுதியதற்கு வருந்துகிறோம் என்று அதில் எழுதியிருந்தது, கையெழுத்துப் போடுங்கள் என்றார். பிறகு குரலைத் தணித்து, "அந்தக் கவிஞரே ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினரா வர்றாரு. இந்த நேரத்துல இப்படியா எழுதறது?" என்று கேட்டார்.

அவர் என் தம்பிதான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அப்படிங்களா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உனக்கும் அதில் பங்கு உண்டு. நீ இந்த ஊருக்கு வரப்போவதே எனக்கு அவர் வாயிலிருந்துதானே தெரிகிறது!

நான் கையெழுத்துப் போடவில்லை. வீட்டில் உன் அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சா என்ன? இடம் போயிட்டா திரும்பக் கிடைக்குமா?" என்று கத்தினார். ஆஸ்பத்திரி லிப்டில் நாள் முழுவதும் மேலும் கீழும் போய்வருகிற மனுஷன், பெண்ணாவது மேலே போய் அங்கேயே நிற்கட்டும் என்று நினைக்கிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. கடைசியில் பள்ளியே ஒரு வழி சொன்னது. மன்னிப்புக் கடிதம் வேண்டாம், விழா மேடையில் கவிஞர் முன்னால் அவள் அந்தக் கவிதையை மனப்பாடமாகச் சொல்லட்டும், அதுவே மன்னிப்பு என்றார்கள். இவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஏன் என்று என்னிடம் சொல்லவில்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், நெஞ்சில் வெகுநாளாகக் கிடக்கிறது. நீ வந்த அந்த வாரம் உன்னிடம் ஒரே ஒரு உதவி கேட்டேன். கூரைக்காக நாங்கள் அம்மாக்கள் மூன்று முறை மனு கொடுத்துப் பதில் இல்லை, நீ படித்தவன், நல்ல மொழியில் ஒரு மனு எழுதிக் கொடு என்றேன். "அக்கா, மனு மொழி எனக்கு வராது" என்றாய். மனு மொழி வராது. ஆனால் அதே ஓட்டைக் கூரையின் கீழே நின்று கவிதை மொழி வந்துவிட்டது. அந்தக் கவிதையில் கூரை ஏன் ஒழுகுகிறது என்று ஒரு வரி இல்லை. யார் அதை மாற்றாமல் விட்டார்கள் என்று இல்லை. அதே வருடம் குன்றின் மேல் பள்ளிக்குப் புது மாடி எப்படி எழும்பியது என்று இல்லை. படிக்கிறவர்களுக்கு, ஏழ்மை என்பது பனி மாதிரி ராத்திரியில் தானாக இறங்கிவிட்டது போலவும், யாரும் எதுவும் செய்யவில்லை போலவும் தோன்றும். படித்துவிட்டு உச்சுக்கொட்டலாம், புத்தகத்தை மூடிவிடலாம்.

கவிதையை மாற்று என்று கேட்கவில்லை. விழாவுக்கு முன்னால் அந்தத் தலைமையாசிரியை அம்மாளிடம் போய், இவள் என் மருமகள், இவள் எழுதியது உண்மை என்று ஒரு வார்த்தை சொல். மேடையேறுவதற்கு முன் சொல்.

கோபத்தோடும், இன்னும் விடாத நம்பிக்கையோடும்,
உன் அக்கா.

* * *

தம்பிக்கு,

நீ வரவில்லை. காய்ச்சல் என்று நீ அனுப்பிய தகவலை மேடையில் வாசித்தார்கள். முன்வரிசையில் உன் பெயர் எழுதிய அட்டையோடு ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

கட்டெறும்பு மேடையேறினாள். நான் தேய்த்துக் கொடுத்த சட்டை. தடுமாறாமல் சொன்னாள். கடைசி பெஞ்சு வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து ஆசிரியை ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். இவள் தலையை ஆட்டி, "மறக்கல மிஸ், இந்த இடத்துல ஒரு தப்பு இருக்கு" என்று மைக்கிலேயே சொன்னாள். "அவ தூங்கல. கூரை ஒழுகிச்சு, புத்தகத்தை மூடிக்கிட்டிருந்தா. அது நான்தான். கூரை இப்பவும் ஒழுகுது" என்றாள். பிறகு மிச்சமிருந்த வரிகளை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு இறங்கினாள். அந்தச் சாப்பாட்டு டப்பாப் பெண் மட்டும் கைதட்டத் தொடங்கினாள். அவள் அம்மா கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. பள்ளியின் சூழலுக்கு உங்கள் மகள் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். இலவச இடம் போய்விட்டது. பழைய பள்ளிக்கே திரும்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் உன் அத்தான் விடுப்புப் போட்டுவிட்டு எங்கிருந்தோ தார்ப்பாய் கொண்டுவந்து, நாலு பேரோடு பள்ளிக் கூரையில் ஏறிக் கட்டினார். இறங்கி வந்து, "இது தார்ப்பாய்தான், கூரை இல்ல" என்று என்னிடம் கோபமாகச் சொன்னார். ஏதோ நான்தான் கட்டச் சொன்னது போல! மறுநாள் நாங்கள் இருபது அம்மாக்கள் கல்வி அலுவலகத்துக்குப் போய் அதிகாரியின் அறை வாசலிலேயே உட்கார்ந்தோம். யாருக்கும் அழகான மொழி தெரியாது. இருந்தாலும் கூரையை வந்து பார்க்க அதிகாரி ஒரு தேதி கொடுத்திருக்கிறார். வரவில்லை என்றால் மறுபடி போய் உட்காருவோம்.

இந்தக் கடிதத்தை இன்னும் காரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் மருமகள் பக்கத்தில் வந்து, "மாமாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சான்னு கேட்டு எழுதும்மா" என்றாள். குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்கிறாள்.

எனக்கு அவள் மனசு இல்லை. ஆனாலும் நீ என் தம்பி. காய்ச்சல் உண்மையாக இருந்தால் சீக்கிரம் குணமாகட்டும். பொய்யாக இருந்தால், அது இன்னும் சீக்கிரம் குணமாகட்டும்.

உன் அக்கா.