உன் அம்மா ஓடி முடித்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

அன்புள்ள என் வெட்டுக்கிளிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் அந்தக் குளிரில் தலைவலி காய்ச்சல் எதுவும் அண்டாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். வாராவாரம் போனில் பேசுகிற மனுஷனுக்குத் திடீரென்று கடிதம் எழுத என்ன வந்தது என்று நினைப்பாய். நீ கேட்ட சான்றிதழ் நகல்களைத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது, அந்த உறைக்குள்ளேயே இதையும் வைத்துவிடலாம் என்று தோன்றியது. அதுவுமில்லாமல் இதைப் போனில் சொல்ல முடியாது. நான் உன்னோடு பேச ஆரம்பித்தாலே உன் அம்மா கைத்துணியோடு பக்கத்தில் வந்து, துடைத்த மேஜையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் நான் போனைக் கொடுத்தால் சாப்பிட்டியா என்பாள், நீ ம் என்பாய், உடம்பப் பாத்துக்கோ என்பாள், நீ சரிம்மா என்பாய், அத்தோடு முடிந்தது. என்னோடு அரை மணி நேரம், அவளோடு ஒரு நிமிடம். பத்து வருஷமாக இப்படித்தான் நடக்கிறது, நானும் கவனிக்காத மாதிரியே இருந்துவிட்டேன்.

பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், கட்டுப் பிரித்த மறுநாள் இங்கே வந்தவள் முதலில் கண்டுபிடித்தது நம் கூடத்து ஒட்டடையைத்தான். எனக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் பாக்கி. லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறியே முழங்கால் தேய்ந்துவிட்டது, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். நம் கட்டிடத்து லிஃப்டும் மூன்று வாரமாக ஓடவில்லை, ஒரு உதிரி பாகம் வர வேண்டும், வந்தால்தான் நான் மாட்ட முடியும். மூன்றாவது மாடிக்காரர்கள் எல்லாரும் ஏதோ நான்தான் அதைத் தின்று ஏப்பம் விட்டது போலப் பார்க்கிறார்கள். அதில் உன் அம்மாவும் சேர்த்தி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா மாரத்தான் ஓடி முடித்தாள் என்று நான் படம் அனுப்பினேன், நீயும் வாழ்த்துகள் அம்மா என்று பதில் போட்டாய். அந்த இரண்டு வார்த்தையை அவள் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாள் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் அன்றைக்கு நடந்தது என்ன என்று உனக்குத் தெரியாது. அது உனக்குத் தெரிந்தாக வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பீடிகை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லேபில் ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கிற உன் அம்மா ஒருநாள் தன் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. மேல்வீட்டுப் பல் டாக்டரம்மா நினைவிருக்கிறதா, அறுபதை நெருங்குகிற அந்தம்மா தினமும் காலையில் ஓடுகிறவர், அவர் வாங்க என்கூட என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். முதல் நாள் தெருமுனை வரைக்கும் போய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவளைப் பார்த்து நான் சிரித்தேன், அதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஐந்து கிலோமீட்டர், பத்து, இருபத்தொன்று என்று ஆகிவிட்டது. பயிற்சிக்கு என் கம்பெனி டீஷர்ட்டைத்தான் போட்டுக்கொள்வாள், முதுகில் பழுது நீக்கும் பிரிவு என்று கொட்டை எழுத்தில் இருக்குமே, அதை. எதிர்ப்பட்ட ஒருவர் வண்டியை நிறுத்தி, அக்கா எங்க வீட்டு லிஃப்டையும் கொஞ்சம் வந்து பாருங்க என்றாராம். அம்மா ஓடிக்கொண்டே, முதல்ல எங்க வீட்டுது ஓடட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஓட்டம் ஆரம்பம், ஏழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், பன்னிரண்டு அடித்தால் கணக்கில் இல்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்து பொந்தாகப் புகுந்து பத்தாவது கிலோமீட்டரில் ஒரு தடவை, பாதித் தூரத்தில் ஒரு தடவை பார்த்தேன். பாதித் தூரத்தில் டாக்டரம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள், என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, மோட்டார அணைச்சீங்களா. அணைக்கவில்லை அம்மாடி. மொட்டை மாடித் தொட்டி வழிந்து படிக்கட்டில் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது, கீழ்வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அணைக்கச் சொன்னேன். லிஃப்டும் இல்லை, படியிலும் தண்ணீர், அவர் என்ன சொன்னார் என்பதை எழுதவில்லை.

முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் காத்திருந்தேன். ஒன்பதரைக்கு வந்திருக்க வேண்டும். டாக்டரம்மா மட்டும் தனியாக வந்தார், நீங்க போங்க டாக்டர், உங்க நேரம் கெட்டுப்போகும்னு என்னைத் துரத்திட்டாங்க, பின்னாலதான் வராங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதே முக்கால் ஆயிற்று, பத்தாகப் போகிறது, ஆளைக் காணோம். வெயில் ஏறிவிட்டது. ஒரு ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு எதிர்த்திசையில் போனது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்கள் வருகிற வழியிலேயே திரும்பி நடந்தேன். நொண்டிக்கொண்டு வந்த ஒருவரிடம் கேட்டேன், நீலச் சட்டை அம்மாவா, ஒரு கடைப் படியில உக்காந்திருக்காங்க என்றார்.

மூடிக் கிடந்த ஒரு நாற்காலி மேஜைக் கடையின் படியில்தான் இருந்தாள். ஒரு ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள், கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு கல் மாதிரி இருந்தது. அழுதுகொண்டிருந்தாள். நான் முதலில் வலி என்றுதான் நினைத்தேன். குனிந்து காலைப் பிடித்துவிட்டேன். அப்போதுதான் சொன்னாள், ஏங்க, இவ்வளவு கஷ்டமான ஒண்ணத்தானா அந்தப் புள்ள தினம் செஞ்சிட்டு, சிரிச்சிக்கிட்டு வீட்டுக்கு வந்து எங்கிட்டத் திட்டு வாங்குச்சு என்று.

போதும், எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம், இதுவரைக்கும் வந்ததே பெரிசு என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அவள் காலை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். அன்னைக்கு அவகிட்டயும் போதும்னுதான் சொன்னோம், நான் சொன்னேன், நீங்க பக்கத்துல நின்னீங்க, ரெண்டு பேரும் சேந்துதான் சொன்னோம் என்றாள்.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்பில் உன்னை ஓட்டத்துக்குத் தேர்வு செய்து பத்து நாள் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள், பெற்றோர் கையெழுத்துக் கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள், பரீட்சை நேரம் என்று அம்மா முடியாது என்றாள், ஓடி ஓடி என்னத்தக் கிழிக்கப் போற என்று கூடச் சொன்னாள். நீ அதை என்னிடம் கொண்டு வந்தாய். என் சட்டைப் பையில் பேனா இருந்தது. அம்மாவைக் கேளு என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு நீ சண்டை போடவில்லை, ஓடவும் இல்லை. நன்றாகப் படித்தாய், பெரிய வேலைக்குப் போனாய், தூரமாகப் போனாய். எல்லாரும் உன் அம்மா கண்டித்து வளர்த்ததால்தான் என்றார்கள், அவளும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பழி முழுவதும் அவள் தலையில் விழுந்தது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். பதினோரு கிலோமீட்டர் மிச்சம், இரண்டு மணி நேரம் கூட இல்லை. நடப்பதும் ஓடுவதுமாகப் போக ஆரம்பித்தாள், நான் நடைபாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே போனேன். கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள், ஒரு நாளாவது போய்ப் பாத்திருக்கேனா நான், அவ ஓடறத. அப்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது, நான் பார்த்திருக்கிறேன் என்று. ஆமாம் அம்மாடி, உனக்கும் தெரியாது. இரண்டு தடவை, வேலை நடுவில் டூல் பையோடு வந்து பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் நானும் உன் கட்சி என்று நினைப்பாள், உனக்குத் தெரிந்தால் எனக்காக அவளிடம் சண்டைக்குப் போ என்பாய் என்று இரண்டு பேரிடமும் மறைத்துவிட்டேன்.

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, எப்படி ஓடினா என்றாள். நான் சொன்னேன். ஆயிரத்தைந்நூறு மீட்டர், அந்தச் சின்ன மைதானத்தில் ஐந்து சுற்று. முதல் இரண்டு சுற்றில் நீ நடுவில் மாட்டிக்கொண்டாய், முன்னால் ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தி, வெளியே வர வழியில்லை. அப்புறம் என்றாள். மூன்றாவது சுற்றில் வளைவுக்கு முன்னால் நீ வேண்டுமென்றே கொஞ்சம் பின்தங்கினாய், எனக்கு மனசு உடைந்துபோயிற்று, ஆனால் நீ வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து இரண்டு பேரையும் ஒரே மூச்சில் தாண்டினாய். அப்புறம் என்ன பண்ணா என்றாள். அப்புறம் உன்னை யாரும் தொடவில்லை, முடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாய். அந்தக் கதையிலேயே மூன்று கிலோமீட்டர் போய்விட்டது. வேற என்றாள். எண்ணூறு மீட்டரில் ஷூ கயிறு அவிழ்ந்தும் நிற்காமல் ஓடி நான்காவதாக வந்ததைச் சொன்னேன். அதுவும் தீர்ந்தது. என்னிடம் இருந்ததே அந்த இரண்டுதானே. முதல்லேர்ந்து சொல்லுங்க என்றாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். நான் எதையாவது விட்டுவிட்டால், அந்தப் பக்கத்துல ஓடின பொண்ணு என்று எடுத்துக் கொடுத்தாள். கடைசி ஒரு கிலோமீட்டரில் தடுப்புக் கட்டியிருந்தார்கள், ஓடுகிறவர்கள் மட்டும்தான் போகலாம் என்று ஒரு பெண் என்னை நிறுத்திவிட்டாள். நான் நின்றேன், அம்மா போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் முடித்துவிட்டாள். பதினொன்று ஐம்பத்தொன்று. ஒன்பது நிமிடம் மிச்சம் வைத்து வந்திருக்கிறாள். டாக்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார், அவள் கழுத்தில் பதக்கத்தோடு வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், அவகிட்ட நான் சொல்லணுங்க என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் மூன்று மாடி. இரண்டு நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் படி இறங்கினாள், முன்பக்கமாக இறங்கினால் தொடை கேட்கவில்லை. திங்கட்கிழமை லேபில் அவளை ரத்தம் எடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்துப் பதக்கத்தை மாட்டி, கேக் வெட்டி, எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டு கேக்கில் பாதிதான் சாப்பிட்டேன், சர்க்கரை என்று வந்து என்னிடம் சொன்னாள், உதட்டோரம் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பெரியம்மா போனில், இந்த வயசுல இதெல்லாம் தேவையா என்று அரை மணி நேரம் திட்டிவிட்டு, உனக்கு அனுப்பிய அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துத் தன் வீட்டில் மாட்டியிருக்கிறாள்.

எல்லாரிடமும் பேசிவிட்டாள், உன்னிடம்தான் முடியவில்லை. புதன்கிழமை போனை எடுத்தாள், உன் பெயர் வரைக்கும் போனாள், வைத்துவிட்டாள். நேற்றுப் பேசினாள் அல்லவா, சாப்பிட்டியா என்று கேட்டு வைத்தாளே, அதற்கு முன்னால் பத்து நிமிடம் ஜன்னல் பக்கம் நின்று ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ எங்களை மன்னிக்க வேண்டும் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. அது உன் இஷ்டம், உன் கணக்கு. அன்றைக்கு அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை, அது என் தப்பு, அதை நான் சொல்லிவிட்டேன். அம்மாவுடையதை அம்மாதான் சொல்ல வேண்டும். அடுத்த தடவை அவள் பேசும்போது ம் என்று மட்டும் சொல்லாமல், கால் எப்படிம்மா இருக்கு என்று ஒரு வார்த்தை கேள். மிச்சம் தானாக வரும்.

உன் கடைவாய்ப் பல் வைத்தியத்தைத் தள்ளிப் போடாதே, படம் எடுத்து அனுப்பினால் தானே பார்த்துச் சொல்வதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், இந்த வாரமே எடு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். எந்தக் குறையும் இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, மனசு நிறைய நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா

அப்பா உறை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். மேஜையில் இருந்தது, படித்துவிட்டேன். அந்தப் படியில் உட்கார்ந்திருந்தது பத்து நிமிடம்தான், இவர் எழுதியிருப்பதைப் பார்த்தால் அரை நாள் போலிருக்கிறது. உன் படிப்புக் கெட்டுவிடும் என்று பயந்தேன். பயந்தது நிஜம், அதற்காக உன்னை நிறுத்தியது சரி என்று ஆகாது. நான் செய்தது தப்பு. இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அந்த மூன்றாவது சுற்றை அப்பா வேலிக்கு வெளியே நின்று பார்த்ததை மட்டும்தான் சொல்கிறார், பின்தங்கும்போது உனக்கு உள்ளே எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.

அம்மா