திரும்பி நின்ற இரண்டு

ராஜபாளையம்
12.8.97

அன்பு மகள் ஜெபக்கனிக்கு அம்மா எழுதுவது. இங்கே கர்த்தர் கிருபையில் எல்லாரும் சுகம், அப்பாவுக்கு மட்டும் சுகத்தைவிடக் கோபம் கொஞ்சம் கூடுதல், அது ஏன் என்று கீழே வரும். நீ அங்கே சுகமா, நைட் டூட்டி முடிந்ததா, மெஸ்ஸில் இன்னும் அந்தக் காய்ந்த ரொட்டிதானா? போன கடிதம் அரைப்பக்கம்தான் இருந்தது என்று குறைபட்டிருந்தாய். உட்கார்ந்து எழுத எனக்கு எங்கே பொறுமை, ஒன்பதாம் வகுப்பில் பாதியிலேயே எழுந்து வந்தவள் நான், பதினேழு வயதில் உன்னையும் பெற்றுவிட்டேன், எதிலும் அவசரம்தான். இன்றைக்கு மட்டும் முழுக்க எழுதுகிறேன், ஏனென்றால் உனக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது.

நம் கடைக்கு லேபிள் வேலை தருகிற ஆண்டிச்சாமி முதலாளியை உனக்குத் தெரியும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கம்பெனி வைத்திருக்கிறாரே, அவர்தான். அவருக்கு உங்கள் சவுதியிலிருந்து ஆர்டர் வந்தது. வெளிப்பெட்டியில் இங்கிலீஷ் இருக்கலாம், உள்ளே காயத்துக்கு வைக்கிற துணிப் பொட்டலத்தில் அரபி எழுத்து மட்டும்தான் வேண்டும் என்று பேக்ஸில் மாதிரி அனுப்பியிருந்தார்கள். முதலாளி அதை நீட்டி, ஒனக்கு ஏலுமாம்மா, இல்ல சிவகாசிக்குக் கொண்டு போயிரட்டுமா என்று கேட்டார். சிவகாசி என்று சொன்னால் எனக்குத்தான் பொத்துக்கொண்டு வருமே, யோசிக்காமல் ஏலும் என்று சொல்லிவிட்டேன். அப்பா பின்னால் நின்று, ஏட்டி, நமக்குத் தமிழே தடுமாறுதுட்டி என்று முனகியது கேட்டது, கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அன்றைக்கே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கம்ப்யூட்டர் சென்டர் பால்ச்சாமியிடம் அரபி எழுத்து ஏற்றிய பிளாப்பியும், எந்தக் கட்டையில் எந்த எழுத்து என்கிற பேப்பரும் வாங்கி வந்தேன். அந்தப் பேப்பரைத் துண்டுதுண்டாக வெட்டி கீபோர்டு கட்டைகளில் ஒட்டினேன். ஏற்கெனவே இங்கிலீஷுக்கு மேல் தமிழ் ஒட்டியிருந்தது, இப்போது அதற்கு மேல் அரபி. ஒரு கட்டையில் மூன்று குடித்தனம். அப்பா பார்த்துவிட்டு, இது கீபோர்டா, தேர்தல் செவரா என்றார்.

அரபி வலப்பக்கமிருந்து வரும் என்று நீ சொல்லியிருந்ததால் பேக்ஸில் வலது ஓரத்து எழுத்திலிருந்தே பார்த்துப் பார்த்து அடித்தேன். கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. முதலில் அடித்ததை இடது ஓரத்தில் வைத்துக்கொண்டு வழக்கம்போல வலப்பக்கமாகவே ஓடியது. வரி தலைகீழ். பேக்ஸில் கைகோர்த்து நிற்கிற எழுத்துகள் திரையில் சண்டை போட்ட மாதிரி தனித்தனியாக நின்றன. சேராவிட்டால் என்ன, தமிழில் சேர்த்தா எழுதுகிறோம் என்று அதை விட்டேன். வரிசைக்கு மட்டும், அச்சுக்கு வைக்கப் பிலிம் எடுத்ததும் ஒரு வழி தோன்றியது. பிலிமைக் குப்புறப் போடுங்க, வலது எடதாயிரும், எடது வலதாயிரும் என்று அப்பாவிடம் சொன்னேன். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் இதெல்லாம் தினமும் செய்வதுதானே. அவரும் போட்டார். பேக்ஸில் எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ, லேபிளிலும் அதே இடத்தில் வந்து நின்றது. கம்பெனி ஆள் சோணைமுத்து வாசலில் நின்று, அக்கா லாரி நிக்கி, அக்கா லாரி நிக்கி என்று உயிரை எடுத்ததில் அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. லேபிள் போனது, பொட்டலத்தில் ஒட்டினார்கள், முதல் லோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் காப்பி போட நீ கொண்டுவந்த பால்பவுடர் டின்னை எடுத்தேன். போன லீவில் நீ எனக்கு அந்த டின்னை வைத்துத்தானே அரபி நம்பர் சொல்லிக்கொடுத்தாய், பழசானதைக் கலக்கிக் குடிச்சிராதம்மா, தேதியைப் பாரு என்று. அதன் கெடு தேதியில் ஒரு இரண்டு இருக்கிறது. அதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். நம் லேபிளில் இரண்டு திரும்பி நிற்கிறது ஜெபக்கனி. பிலிமைக் குப்புறப் போட்டால் இடம் மட்டுமா மாறும், ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடியில் பார்த்த மாதிரி முதுகைக் காட்டித்தானே நிற்கும், ஆம்புலன்ஸ் வண்டி முகப்பில் இருக்குமே அது மாதிரி. எழுத்து திரும்பினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அதோடு போகும். வருஷத்தில் இருக்கிற ஒன்பது திரும்பினாலும் ஒன்பது என்று ஊகித்துக்கொள்வார்கள். ஆனால் அரபியில் இரண்டு திரும்பினால் ஆறு மாதிரியே ஆகிவிடுகிறது. இரண்டாம் மாசத்தோடு கெடு முடிகிற துணி, ஆறாம் மாசம் வரைக்கும் நல்லது என்று சொல்லிக்கொண்டு கப்பலில் போகிறது. அதைப் பிரித்துத் திறந்த காயத்தில் வைக்கப்போவது உன்னை மாதிரி ஒரு பிள்ளை.

டின்னோடு டி.வி.எஸ். வண்டியில் சத்திரப்பட்டி போனேன். இரண்டாவது லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ஏறவிடாமல் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டேன். அந்த லோடு நின்றது. போன லோடுக்கு உடனே பேக்ஸ் அனுப்பிச் சொல்லுங்கள் என்றேன். முதலாளி டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏம்மா, அவிய துணியப் பாப்பாகளா எழுத்தப் பாப்பாகளா, நாமளே போயி எங்க சரக்கு சொத்தைன்னு சொல்லணுமா என்றார். என் மக அங்க நர்ஸு, அவ எழுத்தத்தான் பாப்பா என்றேன். இதை வெளியே சொன்னால் உன் கடைக்கு இனி ஒரு துண்டு லேபிள் வராது, அம்புட்டும் சிவகாசிக்குத்தான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வீட்டில் அப்பா அதற்கு மேல். மத்த நாலு கம்பெனியும் அவரு பேச்சைக் கேக்குறவகதான், கடைய மூடிட்டு எங்கட்டி போறது, செத்த நேரம் சும்மா இரு என்றார். செத்த நேரம் இருந்தேன். பொறவு எழுந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். இங்கே பேக்ஸ் பூத்துக்காரன் முதலாளிக்குச் சொந்தக்காரன், அதனால்தான் அங்கே. மாதிரிப் பேப்பர் தலைப்பில் இருந்த நம்பருக்கு என் ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷிலேயே எழுதி அனுப்பினேன்: ஆறு என்று இருப்பது ஆறில்லை, இரண்டு, தப்பு அச்சடித்த என்னுடையது, துணியில் தப்பில்லை என்று. கீழே என் பேரையும் கடைப் பேரையும் போட்டேன்.

பதில் ஒன்றும் இல்லை. ஆனால் முதலாளிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நேற்று சோணைமுத்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல், முதலாளி வாங்கியாரச் சொன்னாரு அக்கா என்று மாதிரிப் பேப்பரை வாங்கிக்கொண்டு போனான். அதற்குள் நான் சரியாக அடித்து முடித்துவிட்டேன், அதுதான் வயிற்றெரிச்சல். தமிழில் கொம்பை முதலில் அடித்துவிட்டுப் பிறகு எழுத்தை அடிக்கிறோம் இல்லையா, அதே மாதிரி வரியின் வாலிலிருந்து தொடங்கித் தலைக்கு வந்தேன். கைகோர்க்கிற எழுத்துகள் ஷிப்ட் கட்டைக்கு அடியில் தனியாக ஒளிந்திருந்தன. பிலிமை நேராகவே வைத்தோம். அப்பா எடுத்த அந்த ஒரே பிரதி கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வாங்க ஆளில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை, ஆனால் டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பிரதியை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அங்கே பேக்ஸை யார் எடுத்தானோ, என் இங்கிலீஷ் புரியாமல் குப்பையில்தான் போட்டானோ.

அதனால் இது உன் வேலை. கப்பல் வருவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். உங்கள் ஸ்டோருக்குச் சத்திரப்பட்டித் துணி வந்தால் தேதியைப் பார். எழுத்து முதுகு காட்டி நின்றால் பிரிக்காதே, சிஸ்டரிடம் காட்டு, மற்ற ஆஸ்பத்திரிக்கும் சொல்லச் சொல். அம்மா அடித்ததாச்சே என்று பாவம் பார்க்காதே. உங்கள் ஊரில் அரபி டைப் அடிக்கிற கடை வாசலில் ஒரு நாள் நின்று, அங்கே திரையில் மினுக்குகிற அந்தக் கோடு தானாகவே இடப்பக்கம் ஓடுகிறதா என்றும் பார்த்து எழுது, எனக்குத் தெரிந்தாக வேண்டும். தலைக்கு எண்ணெய் வை, ஏசிக்கு நேராகப் படுக்காதே, அழகுத்தாய் அத்தை கொண்டுவந்த மாப்பிள்ளைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, உன் இஷ்டம்தான் முதலில்.

போகிற வழியிலும் நிற்கிற வார்டிலும் ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும். வருகையில் இன்னொரு பால்பவுடர் டின் கொண்டு வா, லேபிள் கிழியாமல். பழைய டின்னை அப்பா கடைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா
பொ. பரிபூரணம்