சறுக்கு வண்டிக்கு உகந்த மாதம்

ஊம்மன்னாக் விரிகுடா,
அக்டோபர் கடைசி.

மதிப்பிற்குரிய ப்ரேபென் அவர்களுக்கு,

பிபியானே எழுதுவது. இங்கே நானும் தம்பி மினிக்கும் பதினான்கு நாய்களும் நலம். அங்கே டென்மார்க்கில் நீங்களும் உங்கள் வலது முழங்காலும் நலமா?

உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் ஊர் மின் நிலையத்தில் இரண்டு வருடம் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவர், பழுதே ஆகாத என் வீட்டு பியூஸை வாரம் தவறாமல் சோதிக்க வந்து காபி குடித்தவர், ஆகஸ்டில் "அப்ப வரட்டுங்களா" என்று ஒரே வார்த்தையோடு படகேறியவர், என்ன எழுதியிருப்பாரோ என்று ஆசையாகப் பிரித்தேன். நாய் வண்டியில் ஒரு வாரம் போக உகந்த மாதம் எது, கட்டணம் எவ்வளவு, சாப்பாடு அதில் அடக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். மினிக் அதை வாங்கிப் படித்துவிட்டு, "அக்கா, மனுஷன் மனசத் திறந்து எழுதியிருப்பாருன்னு பாத்தா, கொட்டேஷனில்ல கேட்டிருக்காரு!" என்று தரையில் உருண்டு சிரித்தான். அன்றைக்கு அவன் தானே சமைத்துச் சாப்பிட்டான்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கடல் நவம்பரில் உறையத் தொடங்கும். ஆனால் அது புது மாப்பிள்ளையின் வாக்கு மாதிரி. பார்க்கத்தான் உறுதி. டிசம்பர், ஜனவரியில் சூரியன் எட்டியே பார்க்காது. இருட்டில் வண்டியில் உட்கார்ந்தால் முன்னால் ஓடுவது நாய் என்பது மூக்குக்கு மட்டும்தான் தெரியும். எல்லாம் மீன் தின்கிற நாய்கள். பிப்ரவரியில் சூரியன் திரும்பும். ஊரே குன்றேறி அதை வரவேற்கும், வீட்டுக்கு வீடு காபியும் கேக்கும் உண்டு. ஆனால் அந்தக் குளிரில் உங்கள் தாடியும் கழுத்துத்துணியும் ஒன்றாக உறைந்துவிடும். போன முறை மினிக்தான் சுடுநீர் ஊற்றிப் பிரித்தான் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே மார்ச். வெளிச்சம் உண்டு, கடல் கல் மாதிரி இருக்கும். யாரைக் கேட்டாலும் மார்ச் என்றுதான் சொல்வார்கள். கட்டணம் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாடு நாங்கள் தின்பதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒன்றுக்குப் போக இறங்கினால் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். போன ஏப்ரலில் நீங்கள் கூச்சப்பட்டுச் சத்தமில்லாமல் பின்னால் இறங்கினீர்கள். பாரம் குறைந்ததும் நாய்கள் பறந்தன. நான் முன்னால் பார்த்தபடியே உங்களிடம் முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டு போனேன். பதிலைக் காணோமே என்று திரும்பினால் வண்டி காலி. எங்கோ தூரத்தில் நீங்கள் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தீர்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

இப்படிக்கு,
பிபியானே,
வண்டி ஓட்டி.


ஊம்மன்னாக் விரிகுடா,
பிப்ரவரி, சூரியன் வந்த மறுநாள்.

அன்புள்ள ப்ரேபென்,

உங்கள் பதில் வந்தது. மார்ச் இரண்டாம் வாரம் வருகிறீர்கள், அடுத்த வாரமே திரும்பிப் போக விமானச் சீட்டும் எடுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஒழுங்கு எனக்குத் தெரியாதா. ஜெனரேட்டருக்கு எண்ணெய் மாற்றும் நாளைக்கூட முன்கூட்டியே சுவரில் எழுதி வைக்கிற மனிதர். கடைசி வரியில் மட்டும் "அன்று வண்டியில் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து மாதம் கழித்தாவது கேட்டீர்களே. மினிக், "அதான், ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், ஆனா ஆனதுக்கப்புறம் நிக்காது, பழைய எஞ்சின்!" என்கிறான். உங்களைப் பாராட்டித்தான் சொல்கிறான்.

அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். எனக்கும் வெட்கம் உண்டு. இப்போதைக்கு அது பதினான்கு நாய்களுக்கு மட்டுமே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் உகந்த மாதம் என்று எழுதியது தப்பு. அதாவது, பயணிகளுக்கு அது சரி. ஆனால் மார்ச்சில் நாய் வண்டிப் பந்தயம். ஊருக்குள் கூட்டம். நாய்களும் பந்தய நினைப்பில் இருக்கும், நானும் இருப்பேன். ஏப்ரலில் பனியைத் துளைத்து மீன் பிடிக்கிற வேலை தலைக்கு மேல் கிடக்கும். உங்களையும் தூண்டில் இழுக்கச் சொல்லிவிடுவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள்.

மே மாத நடுவில் வாருங்கள்.

பைத்தியமா இவள் என்று கேட்பீர்கள். பனிமேல் தண்ணீர் நிற்கும், கூர்கூராக உருகி நாய்களின் பாதத்தைக் கிழிக்கும், அது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் நாய்களுக்குக் காலுறை தைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு. சிவப்புத் துணியில். மினிக் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கல்யாண வீடு கெட்டுது போ! மாப்ள வரதுக்கு முன்னாடியே சம்பந்தி வீட்டாருக்குத் துணி எடுத்தாச்சா?" என்றான். கையில் கத்தரிக்கோல் இருந்ததால் அவன் நிற்கவில்லை.

உங்களைக் கூட்டிவர எங்கள் ஊரிலிருந்து ஊம்மன்னாக் நகரம் வரை நானே வண்டி ஓட்டி வருவேன். இந்த வருடத்தின் கடைசி ஓட்டம் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் வந்து சில நாளில் கடல் உடையத் தொடங்கும். அப்புறம் வண்டியும் ஓடாது, படகும் ஓடாது. ஹெலிகாப்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறதுதான். மூடுபனியும் இருக்கிறது, என் பிரார்த்தனையும் இருக்கிறது.

புது மெக்கானிக் உங்களைவிடக் கெட்டிக்காரர். நீங்கள் போனதிலிருந்து ஒரு தடவைகூட விளக்கு அணையவில்லை. என் வீட்டுப் பக்கம் அவருக்கு எந்த வேலையும் இல்லை. கணவர் இறந்து ஏழு வருடம் இந்த வீட்டின் அமைதி எனக்குப் பழகித்தான் இருந்தது. நீங்கள் வந்து கெடுத்தீர்கள். இப்போது அது பழக மாட்டேன் என்கிறது. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

திரும்பிப் போகும் சீட்டை என்ன செய்வது என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குத் தைலம் கொண்டு வாருங்கள். இந்த முறை வண்டியின் பின்கட்டையோடு உங்களைக் கயிற்றால் கட்டிவிட்டு, திரும்பி உட்கார்ந்து, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொல்லப்போகிறேன். வழி நாய்களுக்குத் தெரியும்.

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும். நீங்கள் வருகிறவரை கடல் இறுகியே கிடக்கட்டும். வந்து சேர்ந்த மறுநாளே அது உடையட்டும்.

உங்கள்
பிபியானே.