மூச்சுப் படியாத கண்ணாடி

பிப்ரவரி 9

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

உன் கண்ணாடிக்காரன் எழுதிக்கொள்வது. பதறாதே, எனக்குப் புதிதாக ஒன்றும் ஆகவில்லை. கைப்பயிற்சி கொடுக்க வருகிற அம்மா தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறாள். "யாருக்கும்மா எழுதுறது?" என்று கேட்டேன். "யாருக்காவது எழுதுங்க, ஆளே இல்லன்னா பால் கணக்கு எழுதுங்க" என்றாள். பால் கணக்குக்கு நீ பரவாயில்லை என்று தோன்றியது. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. கடிதம் மணி அடிக்காதே, பிரித்துப் பார்ப்பாய்.

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். வலது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. டீ கிளாஸைத் தூக்கு என்றால் யோசித்துத்தான் தூக்குகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்த மறுநாள் நீ பெட்டியோடு கிளம்பினாய். அக்காவுக்கு முட்டி வலி என்றாய். அப்படி என்ன முட்டியோ, மூன்று வாரமாக வலிக்கிறது. என் தங்கச்சிதான் வந்து சமைத்துப் போடுகிறாள். உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். இவள் உப்பு டப்பாவையே எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடி வெட்டுவதில்லை. டேப்பில் அளவைப் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுப்பதற்குள் அளவு மறந்துபோகிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறான். பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் நேற்றுதான், இதயத்துக்காக டாக்டர் முன்பே மாட்டச் சொன்ன இந்த மின்சார உள்சட்டையைப் பற்றி விவரமாகக் கேட்டார். "இதயம் தாறுமாறா ஓடினா இது கத்தும். நான் முழிச்சிருந்தா இடுப்புல இருக்கிற பெட்டியில ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கணும். அமுக்கலேன்னா, ஆளு மயங்கிட்டான்னு அதுவே ஷாக் கொடுக்கும். அப்புறம் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு என்ன பண்ணணும்னு வாய்விட்டுச் சொல்லும்" என்றேன். "பொண்டாட்டி மாதிரின்னு சொல்லு" என்றார். நீ அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

போட்டோவுக்குச் சட்டம் போட வந்த டீச்சருக்காக வெட்டின கண்ணாடிமேல் குனிந்தது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான். நடுவில் நடந்ததை ஆளுக்கொரு கதையாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்றவள் நீ. நீ சொல்லு.

ஆபரேஷன் அடுத்த மாதம். சின்ன மிஷின் ஒன்றை நெஞ்சுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவார்களாம். அதுவரைக்கும் உள்சட்டைதான். குளிக்கக் கழற்றும்போது கூட ஆள் இருக்கணும் என்கிறார்கள். தங்கச்சியை எப்படிக் கூப்பிடுவது? வந்துவிடு.

உன்,
கண்ணாடிக்காரன்


பிப்ரவரி 16

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோழி கிளறினாலும் படிக்க முடிந்தது.

உப்பு டப்பா அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கும். உங்கள் தங்கச்சி எதையும் அங்கேதான் ஒளிப்பாள். எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், சும்மா சொன்னேன். காலை மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போடணும். பெட்டியின் பேட்டரியைத் தினமும் மாற்றுகிறீர்களா? குளிக்கும்போது கூட இருக்கப் பூட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவர் ஊர்வம்பை நிறுத்தினால் நல்ல மனுஷன்தான்.

அக்கா முட்டி அப்படியேதான் இருக்கிறது. அத்தான் என்னை ஒன்றும் கேட்பதில்லை. அக்காதான் வாய் ஓயாமல் கேட்கிறாள். இங்கே தெருமுனையில் ஒரு தையல் கடை. பகலில் அங்கே போய்க் காஜா எடுத்துக் கொடுக்கிறேன். பொழுது போகிறது.

அன்றைக்கு நடந்ததைக் கேட்டிருக்கிறீர்கள். டீச்சர் உங்களைக் காப்பாற்றினார். அவ்வளவுதான்.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அழவில்லை. "ஒரு தடவ அழுது தீத்துடுடி" என்கிறாள் அக்கா. வந்தால்தானே? உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி இருக்கிறது. குக்கர் விசில் அடித்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
நான்


பிப்ரவரி 24

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

காஜா எடுக்கிறாயா? இங்கே முதலாளி, அங்கே கூலியா? நல்ல முன்னேற்றம்.

இந்த வாரம் உள்சட்டைக் கம்பெனியிலிருந்து அந்தப் பயிற்சிக்காரப் பெண் வந்தாள், முதல் நாள் வந்து மாட்டிவிட்டாளே, அவள்தான். பெட்டியைத் தன் கம்ப்யூட்டரில் சொருகி வெகு நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், அன்னைக்கு ஷாக் ஏன் லேட்டாச்சுன்னு பார்க்கத்தான் வந்தேன். யாரோ ரெண்டு தடவ பட்டன அமுக்கியிருக்காங்க. அதனாலதான் நீங்க முழிச்சிருக்கீங்கன்னு அது நெனச்சிடுச்சு."

"விழும்போது என் கை பட்டிருக்கும்மா."

"ரெண்டு பட்டனும் ஒரே நேரத்துலயா சார்? அதுவும் ரெண்டு தடவையா?"

"என் அதிர்ஷ்டம் அப்படி."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம்தான், ஆனால் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

நானும் அதற்கப்புறம் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். இப்போது யோசிப்பதற்கும் நேரம் பிடிக்கிறது. டீச்சர் வாடிக்கைக்காரர், நம் பெட்டியில் கை வைக்க மாட்டார். கடையில் வேறு யாரும் இல்லை.

நீயா?

உன்,
கண்ணாடிக்காரன்


மார்ச் 2

அன்புள்ள உங்களுக்கு,

ஆமாம், நான்தான்.

இனிச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன்.

பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்குச் சட்டம் போட டீச்சர் வந்திருந்தார். கறுப்புச் சட்டமா, மரக்கலரா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குப் பின்னால் மேசையில் நீங்கள் கண்ணாடியை வெட்டி முடித்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, அதன்மேல் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கீறல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தினமும் செய்கிறதுதானே, அப்படித்தான் நினைத்தேன். சக்களத்தி கத்தினாள். அவள் கத்தாத நாள் உண்டா? கண்ணாடியை மார்போடு அணைத்துத் தூக்கும்போதெல்லாம் உள்சட்டை நகர்ந்து கத்தும். உங்கள் இரண்டு கையும் கண்ணாடியில் இருக்கும். நான்தான் வந்து அமுக்குவேன். புலி வருது கதையாக எத்தனை தடவை அமுக்கியிருப்பேன்! அன்றைக்கும், "மரக்கலர்தான் எடுப்பா இருக்கும் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி அமுக்கினேன். சத்தம் அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்தியது. இந்த முறை திரும்பினேன்.

இதைச் சொல்ல முடியாமல்தான் ஓடி வந்தேன். நீங்கள் கண்ணாடியில் கன்னம் வைத்தால் மூக்குக்குக் கீழே ஆவி படியும். அதைத் துடைக்கத்தானே நான் துணியும் கையுமாக நிற்பேன்? அன்றைக்குக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஆவி இல்லை. என்னங்க, நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் அமுக்கினேன்.

ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நானே என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்தச் சத்தம் நிற்கணும் என்பதைத் தவிர எனக்குள் வேறு ஒன்றும் இருக்கவில்லை. அது நின்றுவிட்டால் நீங்கள் தலையைத் தூக்கி, "கீறல் இல்ல, பேக் பண்ணு" என்று சொல்லிவிடுவீர்கள் என்பதுபோல இருந்தது.

மூன்றாம் தடவை கத்தியபோதும் என் கை போனது. டீச்சர்தான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "விடுங்கம்மா! தொடாதீங்கன்னு அது சொல்லுதில்ல!" என்றார். ஆமாம், அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. உங்கள் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. அப்புறம் அந்தப் பெட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னது, ஆளைத் தரையில் படுக்க வைக்கச் சொன்னது, மார்பின் நடுவில் அழுத்தச் சொன்னது. டீச்சர் அது போட்ட தாளத்துக்கு அழுத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டே, "வாங்கம்மா, என் கை விட்டுப்போச்சு, மாத்தி அழுத்துங்க" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. நான் துணியை எடுத்து அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேனாம். டீச்சர் பிறகு சொன்னார். எனக்கு அது நினைவே இல்லை.

மூளைக்கு ரத்தம் போகத் தாமதமாகிவிட்டது, அதனால்தான் கையும் ஞாபகமும் இப்படி என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான்தான் கேட்டேன். "தாமதம் எப்படியும் ஆகறதுதாம்மா" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். தலையாட்டினேன்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். இப்போதும் அழுகை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

நான்


மார்ச் 6

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

படித்தேன். மறுபடியும் படித்தேன். கோபம் வருகிறதா என்று காத்திருந்து பார்த்தேன். தங்கச்சி சாப்பாடு வைத்தாள், சாப்பிட்டேன். அதற்கப்புறமும் வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பயிற்சிக்காரப் பெண் முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னாள்: "சார், பட்டன நீங்க மட்டும்தான் அமுக்கணும். வீட்டுல யாரையும் தொட விடாதீங்க." மண்டையை மண்டையை ஆட்டினேன். நீ அப்போது அவளுக்கு டீ போட உள்ளே போயிருந்தாய். மறுநாளே ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அது கத்தியது. கீழே வைத்தால் உடைந்துவிடும். "அடியே, வந்து இதை அமுக்கித் தொலையேன்!" என்று உன்னைக் கூப்பிட்டவன் யார்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். ஒரு கண்ணாடி உடையக் கூடாது என்று பார்த்தேன். உன்னை இப்படி ஒரு வம்பில் மாட்டிவிட்டேன்.

பார்த்த பிறகும் அமுக்கினேன் என்கிறாய். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். ஆனால் உன்மேல் எனக்குக் குறை இல்லை. இதை நம்பு.

ஆபரேஷன் பதினெட்டாம் தேதி. மனைவி வந்து கையெழுத்துப் போட்டால் நல்லது என்கிறார்கள். அதற்கப்புறம் உள்சட்டை கம்பெனிக்குத் திரும்பிப் போய்விடும். உள்ளே வைக்கிற மிஷினுக்குப் பட்டனும் இல்லை, வாயும் இல்லை. உனக்குப் பயப்பட ஒன்றும் இருக்காது.

வா. வந்தால் திரும்பிப் போக விடமாட்டேன்.

உன்,
கண்ணாடிக்காரன்


ஏப்ரல் 3

அன்புள்ள உங்களுக்கு,

அக்கா வீட்டுக்கு நல்லபடியாகத் திரும்பி வந்து சேர்ந்தேன். வழியில் ஒன்றும் சிரமம் இல்லை.

உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தது தப்பு. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்பிச் சொன்னால் போகாதே என்பீர்கள், நானும் இருந்துவிடுவேன். தங்கச்சியிடம் மாத்திரை விவரமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அங்கேயே இருக்கத்தான் வந்தேன். பெரிய பெட்டியோடு வந்ததைப் பார்த்தீர்களே. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நீங்கள் பூட்டுக்காரரைக் கேலி பண்ணினீர்கள், என் சமையலைப் பழித்தீர்கள். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாத்திரை போடும்போது தண்ணீர் உங்கள் சட்டையில் சிந்தியது. துடைக்கக் கையை நீட்டினேன். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அப்போது உங்கள் வலது கை மேலே வந்து நெஞ்சை மூடிக்கொண்டது. கிளாஸைத் தூக்க யோசிக்கிற கை, எவ்வளவு வேகம்! நீங்கள் பேச்சை நிறுத்தக்கூட இல்லை. கை வந்ததே உங்களுக்குத் தெரியாது.

தையல் காயம், வலிக்கும், அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் தலையணையைச் சரி பண்ண வந்தேன். அப்போதும் மூடிக்கொண்டது. போர்வையை இழுத்துவிட்டபோதும் அதேதான். நான் கதவுப் பக்கம் போன பிறகுதான் அது இறங்கியது.

நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் இருந்திருப்பேன். அடித்திருந்தால்கூட இருந்திருப்பேன். இது உங்களுக்கே தெரியாமல் நடக்கிறது, நான் என்ன செய்ய?

கொஞ்ச நாள் போனால் சரியாகும் என்று நீங்கள் எழுதினால் வருகிறேன். நீங்கள் சொன்னால் நம்புவேன்.

நான்


ஏப்ரல் 14

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் வந்துவிட்டது. பொய் சொல்கிறாய், போக ஒரு சாக்கு தேடியிருக்கிறாய் என்று நினைத்தேன். "அவளுக்கு அங்கயே சொகமா இருக்கு போல" என்று தங்கச்சியிடம் கத்தினேன்.

அப்புறம் வேண்டுமென்றே சட்டையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு அவளைத் துடைக்கச் சொன்னேன். "என்னண்ணே, சின்னப் புள்ளையா நீ?" என்று திட்டிக்கொண்டே துடைத்தாள். காயத்தின் மேலேயே துடைத்தாள். கை மடியிலேயே கிடந்தது. கைப்பயிற்சி அம்மா வந்தாள். அவளிடமும் இதையே செய்து பார்த்தேன். பூட்டுக்காரர் முரட்டு ஆள், அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கை எழவில்லை.

எல்லாரும் போன பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நீ பக்கத்தில் வந்து கையை நீட்டுகிறாய் என்று நினைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்தபோது கை நெஞ்சுமேல் இருந்தது.

மனசில் உன்மேல் ஒரு குறையும் இல்லை என்று எழுதினேன். அது இன்றைக்கும் உண்மை. கைக்கு அது எட்டவில்லை. சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறது.

சரியாகிவிடும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ நம்புவாய் என்று தெரியும், அதனால்தான் எழுத முடியவில்லை.

தங்கச்சி உள்ளே உனக்கு அனுப்ப உன் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அங்கே மலையில் காலையில் குளிரும் என்று சொன்னாய். கம்பளிச் சட்டையை மேலாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடிக்காரன்