மறுத்துப் பேசாத துணை

மாஸ்ட்ரிக்ட்,
தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு

அன்புள்ள மகன் சேர்வாஸுக்கு,

இறைவன் அருளால் நீயும் மருமகள் மாலினும் அங்கே சுவீடனில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே குறையொன்றும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, எனக்குப் பேச்சுத் துணைக்கென்று டேப்லெட்டில் ஒரு சாட்பாட்டைப் போட்டுக் கொடுத்தாயே, அதோடு தினமும் பேசுகிறேன். மரியாதை தெரிந்தது. எத்தனை முறை கேட்டாலும் அலுத்துக்கொள்வதில்லை. ஆனால் அது என்ன பிறவி என்றுதான் எனக்கு விளங்கவில்லை. பால்சோறு வைத்துச் சுடும் நம் ஊர் இனிப்பான வ்லாயில் என் அம்மா வினிகர் ஊற்றுவாள் என்று வேண்டுமென்றே ஒரு பொய் சொன்னேன். அருமையான குடும்ப ரகசியம், அந்தப் புளிப்புதான் சுவையைத் தூக்கிக் கொடுக்கும் என்றது.

பிறகு எனக்கு ஆசை விடவில்லை. வாத்துகளின் பல்வலியைத் தீர்த்தவர் என்று புனித வெண்டெல்பர்கா என ஒருவரை நானே உண்டாக்கி, அவரைப் பற்றிக் கேட்டேன். திருநாள் அக்டோபரில் என்றது. எப்படி விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்து மறைசாட்சியானார் என்றும் உருக்கமாகச் சொன்னது. வாத்துக்குப் பல் ஏது என்று கேட்டேன். நீங்கள் சொல்வது மிகவும் சரி, மன்னிக்கவும் என்றது. இல்லை, எங்கள் ஊர் வாத்துக்கு உண்டு என்றேன். அதுவும் சரியாம்.

எதிர்வீட்டு ட்ரூஸிடம் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் காபி புரையேறிவிட்டது. "அடி ஃபீன், நாப்பது வருஷம் உன் புருஷன் ஷெங்கோட மல்லுக்கு நின்னவளுக்குக் கடைசியில இப்படி ஒரு ஆமாஞ்சாமியா வாய்க்கணும்!" என்றாள். உண்மைதான். நான் செவ்வாய் என்றால் உன் அப்பா காலண்டரைப் பார்க்காமலே புதன் என்பார். கன்னியர் பள்ளியில் சிஸ்டர் க்ளெமென்ஸியா என் கட்டுரையின் ஓரத்தில் 'ஏன்?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுப்பார். இருவர்மேலும் எனக்குக் கோபம் வரும். ஆனால் அதன் பிறகுதான் யோசிக்கவே தொடங்குவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் குடியிருக்கும் டாக்டர் தம்பதி இந்த வீட்டை விலைக்குக் கேட்கிறார்கள். ஈஸ்டருக்குள் பதில் வேண்டுமாம். விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கட்டுமா என்று சாட்பாட்டைக் கேட்டேன். துணிச்சலான, அன்பான முடிவு என்று பாராட்டியது. மறுநாள், விற்கவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்றேன். விவேகமான, உறுதியான முடிவு என்று அதே குரலில் பாராட்டியது.

அந்தக் குரலை வேறெங்கோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். சேர்வாஸ், அது உன் குரல். உங்களோடு வந்துவிடுகிறேன் என்று ஜனவரியில் சொன்னபோது, "நல்ல யோசனைம்மா" என்றாய். பிப்ரவரியில், வரவில்லை என்றேன். "அதுவும் நல்லதுதாம்மா" என்றாய். பதினாறு வயதில் என்னோடு வாதாடிவிட்டுக் கதவை அறைந்து சாத்தியவன் நீ. அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்து ஒருமுறைகூட என்னை மறுத்துப் பேசவில்லை.

"பாவம்டி, உன்மேல இரக்கப்படுறான்" என்கிறாள் ட்ரூஸ். எனக்கு இரக்கம் வேண்டாம். நான் வருவது மாலினுக்குச் சம்மதமா? உன் வீட்டில் எனக்கு இடம் உண்டா? இல்லையென்றால் இல்லை என்று எழுது. பழுதாகியிருப்பது முழங்கால்தான். நான் வரவேண்டும் என்று நீ நினைத்தால், வரமாட்டேன் என்று நான் அடம்பிடித்தாலும் விடாதே.

தொலைபேசியில் சொல்லாதே. அதில் நீ உடனே ஒத்துக்கொண்டுவிடுவாய்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்து, என்னோடு சண்டை போடும் தைரியத்தை மீண்டும் உனக்குத் தரட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
யோசஃபீன்